பின்னறைக்கு எட்டுமா

"எத்தன செவுரு தாண்டணும் அண்ணாச்சி?" என்று கடைக்காரர் மீரான் கேட்டபோது ஆவுடையப்பன் தட்டுகளிலிருந்த வைஃபை பெட்டிகளைப் பார்த்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் அரசுக் கட்டடங்களின் சுவர்களைத் தட்டியும் அளந்தும் பார்த்துச் சம்பளம் வாங்கிய மேற்பார்வையாளர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இருப்பது செங்கல்லா கருங்கல்லா, கலவையில் மணல் கூடிப்போயிற்றா, பூச்சுக்குத் தண்ணீர் காட்டினார்களா இல்லையா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, தென்காசியில் தாமே வெயிலில் நின்று கட்டிய சொந்த வீட்டில் கூடத்திலிருந்து பின்னறை வரைக்கும் எத்தனை சுவர்கள் என்று தெரியாதா? தெரியும். மூன்று. மூன்றும் ஒன்பது அங்குலம். உள்சுவருக்கு நாலரை அங்குலம் போதும் என்று கொத்தனார் மன்றாடியபோது, "எங்க வீட்ல பேசுறது எங்க வீட்டுக்குள்ளயே இருக்கணும்வே, நீரு கட்டும்" என்று சொல்லிக் கட்டவைத்த சுவர்கள். ஆனால் மூன்று என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால், மூன்று சுவரையும் துளைத்துக்கொண்டு போகிற பெட்டியை மீரான் எடுத்து நீட்டிவிடுவார். ஒன்று என்று சொன்னால் சின்னப் பெட்டி வரும். சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனால் கனடாவிலிருக்கும் மகன் குத்தாலிங்கம், "இதுக்கா ஒரு வாரம் யோசிச்சிய?" என்பான். ஆக, பார்வைக்குப் பெரியதாக, நாலு பேர் பார்த்தால் இதைவிட உசத்தி உலகத்தில் இல்லை என்று சொல்லும்படியாக, ஆனால் எட்டுவதற்குச் சின்னதாக ஒரு பெட்டி வேண்டும். அப்படி ஒன்று இந்தத் தட்டுகளில் எங்காவது இருக்க வேண்டும். மனிதர்களில் இருக்கிறார்களே, பெட்டிகளில் இருக்காதா? வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குடையிலிருந்து வடிந்த நீர் அவர் செருப்பைச் சுற்றி ஒரு வட்டம் கட்டியிருந்தது. தட்டுகளில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் படம். படத்தில் கறுப்புப் பூச்சி ஒன்று மல்லாந்து கிடப்பதுபோல் ரவுட்டர். அதற்கு இரண்டு கொம்பு, நான்கு கொம்பு, எட்டுக் கொம்பு. ஒரு பெட்டியின் படத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சோபாவில் உட்கார்ந்து சிரித்தது. அவர்கள் வீட்டில் பின்னறை இல்லை. இருந்தால் அப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

"ரெண்டு செவுரு இருக்கும்" என்றார் ஆவுடையப்பன். மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே வந்து நின்ற எண் அது, பொய்யில் பாதி. "எத்தன இஞ்சு?" என்றார் மீரான். நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு; நெற்றியில் தொழுகைத் தழும்பு, காதிடுக்கில் ஒரு டெஸ்டர். இவ்வளவு விசாரிக்கிற கடைக்காரனை ஆவுடையப்பன் எதிர்பார்க்கவில்லை. பெட்டியைக் காட்டுவான், விலையைச் சொல்லுவான், பையில் போட்டுத் தருவான் என்றுதான் வந்தார். "அது வந்து, சாதாரணச் செவுருதான்." "சாதாரணச் செவுருன்னா இந்த ரெண்டு கொம்பே போதுமே. யாருக்கு வேணும், பேரப்பிள்ளைய பாக்கவா?" "எம் பொண்டாட்டி படுக்கையில கெடக்கா. பின்னறையில. பையன் கேமரா அனுப்பியிருக்கான், அவன் அங்கன இருந்து பாக்கணுமாம். படம் நின்னு நின்னு போகுதாம்." இதைச் சொன்னவுடனே மீரானின் முகம் மாறியது. கையிலிருந்த இரண்டு கொம்புப் பெட்டியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். "அப்பிடியா அண்ணாச்சி? அப்போ ஏனோதானோன்னு குடுக்கப்பிடாது. இருங்க, பாக்கலாம்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். தப்பாகிவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக்கூடாது. படுக்கையில் கிடக்கும் பெண்சாதி என்றால் உலகத்துக்கே இரக்கம் வந்துவிடுகிறது. இரக்கம் வந்தவன் சும்மா இருப்பதில்லை, உதவத் தொடங்கிவிடுகிறான். பேரப்பிள்ளை என்றே சொல்லியிருக்கலாம். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். கடைக்கடிகாரம் பதினொன்றே கால் காட்டியது. எதிர்வீட்டுச் செண்பகத்தை மனைவி உலகம்மையின் பக்கத்தில் உட்காரச் சொல்லி வந்து அரைமணி ஆகிறது. "நீங்க நிதானமா போய்ட்டு வாங்க மாமா, அத்தைக்கு நான் ஒடம்பு தொடச்சு விடுதேன்" என்றாள் அவள். வேண்டாம், காலையிலேயே நான் துடைத்தாயிற்று என்று அவர் சொன்னார். இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதோ? செண்பகம் கைவேலை ஓயாதவள், துடைத்ததையே துடைப்பாள். உடம்பைத் துடைப்பதென்றால் ரவிக்கையைக் கழற்றுவாள். கழற்றினால் இடது மேல்கையின் உட்புறம் தெரியும். உள்ளங்கை அளவு இடம்தான். ரவிக்கைக் கை முடிகிற கரைக்கு நான்கு விரற்கடை மேலே. அளவு பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது அவருடைய தொழில்.

தை மாதத்தில்தான் உலகம்மைக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து மூன்று ஆண்டு; மறதி வந்து இரண்டு ஆண்டு; அதற்கு மேல் இது. அன்றைக்குக் காலை மாத்திரையைத் துப்பிவிட்டாள். துப்பினதை அவர் சாயங்காலம்தான் தலையணைக்கடியில் பார்த்தார், வெள்ளையாக, பாதி கரைந்து. அதற்குள் அவள் கண் மேலே செருகி, கட்டில் முழுக்க அதிர்ந்து, வாயில் நுரை தள்ளி, அவர் சாவிக்கொத்தை எங்கே என்று தேடி, சாவிக்கொத்தை அவள் கையில் திணித்துக்கொண்டு, உலகு உலகு என்று கத்தி, அந்த ஒன்பது அங்குலச் சுவர்களுக்குள் கத்தி, ஒருவர் காதிலும் விழாமல் கத்தி, அது அடங்கியபோது அவர் வேட்டி நனைந்திருந்தது. ஒரு வேளை தப்பினால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஒன்பது. அதன் பிறகு அவர் தேனில் குழைத்துப் பார்த்தார். வாழைப்பழத்தில் பொதிந்து பார்த்தார். கெஞ்சினார். குழந்தையைப்போலக் கொஞ்சினார். அவள் பல்லை இறுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். "யாரு நீரு?" என்றாள். "நான்தான் உலகு, ஒம் வீட்டுக்காரன்." "எங்க வீட்டுக்காரவ ஆபீசு போயிருக்காவ" என்றாள், குழறிய நாக்கோடு, ஆனால் எவ்வளவு பெருமையாக! அந்தப் பெருமையை அவள் அவருக்கு நேராக ஒருநாளும் காட்டியதில்லை. மாசி மாதத்தில் ஒரு மதியம், ஒன்றே முக்கால் ஆகியும் வாய் திறக்கவில்லை. அவர் கை தானாகப் போயிற்று. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளைக் கிள்ளுவதுபோலத்தான். அதற்கு மேல் இல்லை. ஆ என்று வாய் திறந்தது. மாத்திரையைப் போட்டார். தண்ணீரை ஊற்றினார். இறங்கிவிட்டது. எவ்வளவு சுலபமான வேலையை இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மனம் சந்தோஷப்பட்டது. அதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. கிள்ளியதையல்ல, சந்தோஷப்பட்டதை. உயிர் காக்கத்தானே என்று அன்று இரவு சொல்லிக்கொண்டார். மறுநாளும் உயிர் காக்கத்தான். அதற்கு மறுநாளும். மரத்துப்போன வலது பக்கத்தில் கிள்ளினால் பயனில்லை; உணர்ச்சியுள்ள இடது பக்கம்தான் சரி என்பதையும், ஒரே இடத்தில் என்றால் தோல் கிழியும், ஒரு விரற்கடை தள்ளித் தள்ளி வரவேண்டும் என்பதையும் அவர் கண்டுபிடித்தார். வேலை படிய ஒரு முறை வேண்டும். முறை என்று வந்துவிட்டால் அதில் பாவமில்லை. அவள் அழுவதில்லை. "எங்க வீட்டுக்காரவ வரட்டும், ஒம்மப் பத்திச் சொல்லுதேன்" என்பாள். அவ்வளவுதான். அவர் வரட்டும் என்று அவள் வாசலைப் பார்ப்பாள். அவரும் ஒரு கணம் பார்ப்பார்.

"அண்ணாச்சி, ஒங்களத்தான்" என்றார் மீரான். கண்ணாடி மேசையின் மேல் மூன்று பெட்டிகளை இறக்கி வைத்திருந்தார். "இது நாலு கொம்பு. இது ஆறு. இது பாருங்க, கொம்பே கெடையாது, வெள்ளப் பணியாரம் மாதிரி மூணு இருக்கும். கூடத்துல ஒண்ணு, நடையில ஒண்ணு, அம்மா ரூம்ல ஒண்ணு. ஒண்ணு இன்னொண்ணுக்குத் தள்ளிவிடும். எந்தச் செவுராயிருந்தாலும் இதுகிட்ட பேச்சு நடக்காது." பணியாரம். மூன்று பணியாரங்கள். அவர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். வழவழப்பாக, கனமில்லாமல், கண் இல்லாமல் இருந்தது. ஆனால் கண்ணுக்கு வழி விடுவது அதுதான். கண் ஏற்கனவே அறையில் இருக்கிறது. வலிப்பு வந்த மாதமே குத்தாலிங்கம் நண்பன் கையில் கேமராவைக் கொடுத்தனுப்பிவிட்டான். எலக்ட்ரீசியன் வந்து கட்டிலுக்கு நேர்மேலே பரணில் திருகி வைத்தான். உருண்டையாக, ஒரு கறுப்பு விழியோடு, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பூதம்போல் அது பார்க்கும். பார்த்ததைச் சொல்ல மட்டும் அதற்குத் தெம்பில்லை. கூடத்துப் பெட்டியிலிருந்து வருகிற அலை மூன்றாம் சுவரில் செத்து விழுந்துவிடும். அங்கே, கனடாவில், வட்டம் சுற்றுமாம், சுற்றிச் சுற்றி ஒரு படம் வந்து நிற்குமாம், நின்றால் நின்றதுதான். வைகாசியில் ஒரு நாள் குத்தாலிங்கம் போனில் அழுதான். அவன் அழுததை, மீசை முளைத்த பிறகு அவர் கேட்டதேயில்லை. "அப்பா, நேத்து ஆபீஸ்ல ஒக்காந்து பாத்தேன். நீங்க அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்திய. கேமரா ஸ்டக் ஆயிட்டுது, எனக்குத் தெரியும். ஆனா மூணு மணிநேரமும் அந்தப் படம்தான் நின்னுது. நீங்க அம்மா கையப் பிடிச்சிருக்கிய, அம்மா ஒங்களயே பாக்காவ. வேலையே ஓடலப்பா. பக்கத்து சீட்டு வெள்ளைக்காரிட்ட காட்டினேன், அவ கண்ணத் தொடச்சிக்கிட்டா." நேற்று எந்நேரம் என்று அவர் கேட்டார். மகன் அங்குள்ள நேரத்தைச் சொன்னான். அவர் மனக்கணக்காக மாற்றினார். இரவு ஒன்பது மணி மாத்திரை. அந்தப் படத்தைக் குத்தாலிங்கம் அவர் போனுக்கும் அனுப்பியிருந்தான். அவர் திறந்து பார்த்தார். மேலிருந்து எடுத்த படம். தம் வழுக்கைத் தலை, குனிந்த முதுகு, இடக்கையில் தண்ணீர்த் தம்ளர், வலக்கை அவள் மேல்கையில். விரல்கள் தெரியவில்லை, ரவிக்கைக் கைக்குள் போயிருந்தன. பார்க்க எவ்வளவு அன்பாக இருந்தது! உண்மையிலேயே அன்பாக இருந்தது. இவன் யாரோ நல்லவன் என்று அவருக்கே தோன்றியது. அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் மகன் போட்டான். அறுபது பேர் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில், டீக்கடையில், ஒருத்தன் பாக்கியில்லாமல் அவர் கையைப் பிடித்து, "ஒங்கள மாதிரி யாரு பாப்பா அண்ணாச்சி" என்றான். பிடித்த கை எது என்று அவனுக்குத் தெரியாது.

"இப்ப இருக்கிற மோடம் எங்கன வச்சிருக்கிய?" மீரான் விடுவதாயில்லை. "கூடத்துல." "கூடத்துல எங்கன? மேசை மேலயா, டிவிக்குப் பக்கத்துலயா?" "செவுத்தலமாரியில." அலமாரி எப்படிப்பட்டது, கதவு உண்டா, கண்ணாடிக் கதவா, மரமா என்று அவர் அடுக்கினார். இது என்ன, கடையா, விசாரணை மன்றமா? அதில் மறைக்க என்ன இருக்கிறது? பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிய கேபிள்காரர், "இது கம்பெனி சொத்து அண்ணாச்சி, பத்திரம், திருப்பிக் கேப்பாவ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பிறத்தியார் சொத்து தம் பொறுப்பில் இருக்கிறதென்றால் பூட்டி வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. சிமென்டு மூட்டைகளை அப்படித்தான் வைத்திருந்தார் பணிக்காலத்தில். ஒரு மூட்டை குறைந்ததில்லை. கூடத்துச் சுவரலமாரிக்கு எலித் தொல்லைக்காக உள்பக்கம் முழுக்கத் தகரம் அடித்திருந்தது. முன்னால் இரும்புக் கதவு. அதற்குள் பெட்டியை வைத்து, ஒயர் போக ஒரு துளை போட்டு, நவ்தால் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். இதைச் சொல்லி முடித்ததும் மீரான் முதலில் நம்பாமல் பார்த்தார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "யா அல்லா! அண்ணாச்சி, கோழியக் கூடையப் போட்டுக் கவுத்து மேல அம்மிக்கல்லயும் ஏத்தி வச்சுட்டு, பின்வாசல்ல போயி மேயலையேன்னு கவலப்படுதியளே! தகரப் பெட்டிக்குள்ள பூட்டுனா அது எப்பிடி வெளிய வரும்? நீங்க ஒண்ணும் வாங்கவே வேண்டாம். வீட்டுக்குப் போயி அந்தப் பூட்டத் தெறந்து மோடத்த வெளிய எடுத்து, அலமாரி மேல வைங்க. அம்மா ரூமுக்கு ஜம்முன்னு எட்டும். எட்டலன்னா எம் பேர மாத்துங்க." ஆவுடையப்பனும் கூடச் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல் இருந்தால் பார்ப்பார்கள். மீரான் சொன்னது அவருக்கு முன்பே தெரியும். சித்திரை விசுவுக்கு வீட்டை ஒட்டடை அடிக்கையில் பூட்டைத் திறந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் துடைத்தார். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. "அப்பா, என்னப்பா பண்ணினிய? அம்மா கண்ணு சிமிட்டுறதுகூடத் தெரியுதே! சேலைக் கரை கலரு தெரியுது!" என்று மகன் குதித்தான். அன்றைக்கு எட்டு மணி மாத்திரை முடிந்திருந்தது; ஒரு மணி மாத்திரை வரவேண்டியிருந்தது. அவர் துணியை மடித்தார். பெட்டியை எடுத்தார். உள்ளே வைத்தார். பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். அதுவரைக்கும் அது தெரியாமல் செய்தது. தெரியாத காலத்தில் போட்ட பூட்டும் தெரிந்த பிறகு போட்ட பூட்டும் ஒரே பூட்டுத்தான், ஒரே சாவிதான், ஆனால் அரைஞாணில் அதன் கனம் அன்றிலிருந்து வேறு.

"இல்ல மீரான், புதுசு ஒண்ணு குடுத்துருங்க. பையன் வாங்கச் சொல்லிட்டான், வாங்கலன்னா வருத்தப்படுவான்" என்றார். நான்கு கொம்புப் பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நல்ல ஆஜானுபாகுவான பெட்டி. இதைத் தகரத்துக்குள் வைத்தால் இதுவும் ஊமைதான். கொம்புகள் மடங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அலமாரி ஆழம் ஒன்பது அங்குலம். "சும்மா வாங்கித் தலையில கட்டிக்கிட்டு என்ன செய்யப்போறிய? நான் வியாபாரிதான், ஆனா படுத்துக் கெடக்கிறவுக பேரச் சொல்லித் தேவையில்லாததத் தள்ள மாட்டேன். எங்க உம்மாவும் ரெண்டு வருசம் கெடந்துதான் மவுத்தானாவ" என்று மீரான் பெட்டியைத் திரும்பத் தம் பக்கம் இழுத்தார். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது ஆவுடையப்பனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. செண்பகம். ரவிக்கை. பார்த்துவிட்டாள். ஊசி போட்ட இடம் என்று சொல்லலாம். கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டாள் என்று சொல்லலாம். அவள் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னால் தப்பாகும். கேட்ட பிறகு யோசித்துச் சொன்னாலும் தப்பாகும். "என்ன செம்பகம்?" என்றார். "மாமா, ஒண்ணுமில்ல, பதறாதிய. அத்தைக்குக் கஞ்சி குடுத்துட்டேன், அதச் சொல்லத்தான் போட்டேன். நீங்க என்னமோ வாயே தெறக்க மாட்டக்கான்னு சொல்லுவியளே, எங்கிட்ட ஒரு அடம் கெடையாது மாமா!" அவள் சிரித்தாள். பின்னால் உலகம்மையின் மூச்சு கேட்டது, அல்லது கேட்டதாக அவருக்குத் தோன்றியது. "என்ன செஞ்சே?" "ஒண்ணும் செய்யல. தலையத் தூக்கி வைக்கதுக்காக இந்தக் கையப் பிடிச்சேன், இடது கைய, மேல. தொட்டதுதான் தாமசம், குருவிக்குஞ்சு கணக்கா ஆன்னு வாயத் தெறந்துட்டாவ. கண்ண இறுக மூடிக்கிட்டு. ஒவ்வொரு கரண்டிக்கும் கையத் தொட்டா போதும், தெறக்காவ. நல்லா பழக்கி வச்சிருக்கிய மாமா! எங்க வீட்டுச் சின்னவனையும் ஒங்ககிட்ட அனுப்புதேன், ஒரு வாய்ச் சோறு திங்க மாட்டக்கான்." "சரி" என்றார் ஆவுடையப்பன். "சரிம்மா." போன் அணைந்தது. அதைப் பையில் போட்டார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு. தொட்டால் போதும். யார் தொட்டாலும். அன்பாகத் தொட்டாலும், தலையணையைச் சரிசெய்யத் தொட்டாலும், நாளைக்கு மகனே விமானம் ஏறி வந்து அம்மா என்று கையைப் பிடித்தாலும், அவள் கண்ணை மூடி வாயைத் திறப்பாள். பெற்ற பிள்ளை பெயரை மறந்துவிட்டாள். கல்யாணம் ஆனதை, வீடு கட்டியதை, புருஷன் முகத்தை மறந்துவிட்டாள். எல்லாவற்றையும் உதிர்த்துவிட்ட அந்தத் தலைக்குள் அவர் புதிதாக ஒன்றைக் கற்பித்துவிட்டார். அது மட்டும் உதிரவில்லை. இனி அவளிடம் அவரைப் பற்றி மிஞ்சப்போவது அதுதான். செண்பகம் பார்த்துவிடுவாள் என்றல்லவா பயந்தார்? அவள் பார்த்தாள். கையால் தொட்டே பார்த்தாள். பார்த்துவிட்டுப் பாராட்டினாள். மகன் பார்த்தான், மூன்று மணிநேரம் பார்த்தான், அழுதான். அறுபது பேர் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லையே! கண்ணுக்கு நேரே விரித்து வைத்தாலும் இந்த ஊர் அவரை நல்லவர் என்றுதான் படிக்கும். அப்படியானால் அவரைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? இந்த எண்ணம் எங்கோ போய் முட்டியது. முட்டிய இடம் போன செவ்வாய்க்கிழமை. அங்கே போகவேண்டாம் என்று மனம் கதவைப் பிடித்துக்கொண்டது, ஆனால் போயிற்று. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி மாத்திரை. அவள் வாய் திறந்தாள், மாத்திரை இறங்கிவிட்டது, தண்ணீரும் இறங்கிவிட்டது. வேலை முடிந்தது. விரல்கள் விடவில்லை. அவர் விடச் சொன்னார், விடவில்லை. அவள் வெறும் வாயைத் திறந்தபடியே, இன்னும் என்ன போடப்போகிறாய் என்று காத்திருந்தாள். எவ்வளவு நேரம்? தெரியாது. தாழ்வாரத்து ஓட்டில் சாரல் சொட்டியது. இருபது சொட்டு எண்ணியது ஞாபகமிருக்கிறது. எண்ண ஆரம்பித்தது எப்போது என்பது ஞாபகமில்லை. அன்று கிள்ளியது மாத்திரைக்காக அல்ல. மூன்று வருஷமாக மலம் அள்ளியதற்காக, யாரு நீரு என்று கேட்டதற்காக, ஆபீசுக்குப் போன அந்த இன்னொருவன்மேல் அவள் வைத்திருந்த பெருமைக்காக. எதற்காக வேண்டுமானாலும் இருக்கட்டும். அடுத்த தடவை விரலுக்குப் பதில் கை வரும். அதற்கு அடுத்த தடவை தலையணை. இதை நினைத்தது நான்தானா என்று அவர் தம்மைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். கடையில் வேறு ஆள் இல்லை. ஒவ்வொரு விரிசலும் முதலில் மயிரிழைதான். பூச்சுப் பூசி மூடிவிட்டால் தெரியாது. கூரை இறங்கும் நாளில்தான் தெரியும். எத்தனை கட்டடங்களில் எழுதி வைத்திருக்கிறார், உடனே இடிக்கவும் என்று.

"அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? மொகம் வெளுத்துப்போச்சே. சோடா வாங்கியாரட்டுமா?" என்று மீரான் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். ஆவுடையப்பன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "மூணு செவுரு மீரான்" என்றார். "என்னது?" "ரெண்டுன்னு சொன்னேன்லா, பொய். மூணு செவுரு. மூணும் ஒம்பது இஞ்சு." "அதனால என்ன, அந்தத் தகரத்துக்குள்ள இருந்து வெளிய எடுத்தாலே..." "நான் எடுக்க மாட்டேன்." அவர் சொன்ன விதத்தில் மீரான் பேச்சை நிறுத்தினார். "எடுத்து வச்சாலும் திரும்ப உள்ள வச்சிருவேன். ஒரு தடவை வச்சிருக்கேன். அந்தப் பணியாரத்தக் குடுங்க, மூணயும். ஆனா எங்கிட்டக் குடுக்க வேண்டாம். நீங்களே கொண்டாந்து, நீங்களே மாட்டணும். ஆணியடிச்சு மாட்டுங்க, எனக்கு எட்டாத ஒசரத்துல. அதுக்குள்ள நம்பரு என்னமோ போடுவியளே, அத எங்கிட்டச் சொல்லப்பிடாது. எம் பையனுக்கு மட்டும் சொல்லணும்." கடைக்காரர் அவரை உற்றுப் பார்த்தார். காதிடுக்கிலிருந்த டெஸ்டரை எடுத்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். "சரி அண்ணாச்சி. சாயங்காலம் கடைய ஆள்ட்ட விட்டுட்டு வாரேன்" என்றார். "சாயங்காலம் வேண்டாம். ஒரு மணிக்கு வாங்க." "ஒரு மணிக்கா? சாப்பாட்டு நேரமாச்சே..." "ஒரு மணிக்கு அவளுக்கு மாத்திரை குடுக்கணும். ஒரு மணிக்கு வாங்க. ஒரு நிமிசம் முந்தி வந்தாலும் நல்லதுதான்." மீரான் மெல்லத் தலையசைத்தார். தெருவையும் கதவு எண்ணையும் ஆவுடையப்பன் சொல்லச் சொல்ல ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். "வாசல்ல வந்து பெல்ல அடிக்கேன்" என்றார். "பெல்ல அடிக்க வேண்டாம். தட்டவும் வேண்டாம். கதவு தெறந்து கெடக்கும். கூடம், நடை, அதுக்கடுத்துப் பின்னறை. நேரா உள்ள வந்துருங்க." மீரானுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. முன்பின் போகாத வீடு. அயல் மதத்தார் வீடு. அதிலும் பெண்பிள்ளை படுத்திருக்கும் அறை. "அது எப்பிடி அண்ணாச்சி, ஒரு சத்தங்குடுக்காம? உள்ள பொம்பளையாளு இருக்காவளே" என்றார். ஆவுடையப்பன் குடையை எடுத்தார். விரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருக்கா. அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றார். "தட்டாம வாங்க."